வாகனத்துடன் மட்டுமே

கார் நின்றபோது மணி பதினொன்று நாற்பது.

சிஸ்டரம்மா முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்; அப்புறம்தான் புருஷனைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று தேய்ந்தவள். எது நின்றாலும் முதலில் நேரத்தைக் குறிக்கிற பழக்கம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

“போயிடுச்சாங்க?”

“போகலை, மயக்கம்தான்” என்றார் ஃபிட்டர், ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்தபடி. “ரெண்டு நிமிஷம் என்னையும் மயக்கமா இருக்க விடு. அப்புறம் எறங்கிப் பார்க்கறேன்.”

இரண்டு பக்கமும் பொட்டல். தார் ரோடு வெயிலில் நெளிந்தது. கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பழைய டயர்கள். அங்கிருந்து எழுபத்திரண்டு கிலோமீட்டரில் எல்லைச் சாவடி. சாயங்காலம் ஆறு மணிக்கு மூடினால் மறுநாள் காலை எட்டுக்குத்தான் திறப்பார்கள். சாவடிக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில், மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு நகரம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவர்களுடைய ஒரே மகள் படுத்திருந்தாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவளுக்கு சிசேரியன்.

இன்று ஆறுக்குள் எல்லையைத் தாண்டினால், மகளை தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள். தாண்டாவிட்டால் இருக்க மாட்டாள்.

போன தடவையும் இருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் மகளுக்கு ஏழாம் மாதத்தில் வலி வந்தபோது, சிஸ்டரம்மாவின் வார்டில் காய்ச்சல்காரர்கள் தரையிலெல்லாம் படுத்திருந்தார்கள். நர்ஸுகளிலேயே ஆறு பேர் படுத்துவிட்டார்கள். ‘ரெண்டு நாள் பொறுத்துக்கடா கண்ணு’ என்று போனில் சொன்னாள். இரண்டு நாள் கழித்துப் போனபோது எல்லாம் முடிந்து, மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அன்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன மாதம்தான் போனில் கேட்டாள்: “இந்தத் தடவையாவது வருவியாம்மா?”

வருவதற்கு விமானம் இருந்தது. ஆனால் சிஸ்டரம்மாவுக்குக் காதில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் ஆகாயத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். “அப்போ ரோட்டுல போவோம்” என்றார் ஃபிட்டர், ஏதோ முக்குக்கடைக்குப் போய்வருகிற மாதிரி. அன்று கிளம்பியது. இன்றோடு பதின்மூன்று நாள், மூன்று தேசம்.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் சிஸ்டர் என்றார்கள். தெருவிலும் அப்படியே ஆகிவிட்டது. கட்டின பொண்டாட்டியை வெறும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட முடியாதே என்று புருஷன் ஓர் ‘அம்மா’வைச் சேர்த்துக்கொண்டார். உறவு இன்னும் மோசமாகிவிட்டது என்று மகள் கேலி செய்வாள். அவர் பிஸ்கட் ஃபாக்டரியில் இருபத்தொன்பது வருஷம் மெஷின் பராமரிப்பு ஃபிட்டர். அங்கே கற்ற வேதம் ஒன்றுதான்: லைன் நிற்கக் கூடாது. பெல்ட் அறுந்தால் கோணி ஊசியால் தை, பேரிங் கத்தினால் கிரீஸை அப்பு, ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் ஓட்டு, மற்றதை நாளைக்குப் பார்.

மகளைவிட இரண்டு வயது மூத்த அந்தக் காரையும் பதின்மூன்று நாளாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. சைக்கிள் ட்யூபைச் சுற்றி அதன்மேல் அவளுடைய கிரேப் பேண்டேஜால் இறுக்கினார். சைலன்சர் ஓட்டையில் பால்பவுடர் டின் உட்கார்ந்தது. எட்டாம் நாள் கொட்டுகிற மழையில் வைப்பர் மோட்டார் உயிரை விட்டது. இரண்டு வைப்பரிலும் கயிறு கட்டி, இரண்டு ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, அவள் ஒரு இழுப்பு, அவர் ஒரு இழுப்பு என்று நாற்பது கிலோமீட்டர் வந்தார்கள். நடுவில் சண்டை வந்து பேச்சு நின்றது. கயிறு நிற்கவில்லை, நின்றால் ரோடு தெரியாதே!

பத்தாம் நாளிலிருந்துதான் நிஜமான வியாதி ஆரம்பித்தது. டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்ப்பின் உள்ளே இருக்கிற ரப்பர் ஜவ்வு கிழிந்துபோனது. ஃபிட்டர் அவளுடைய கையுறையை வெட்டி வைத்தார். பெட்ரோலில் கையுறை ஊறி உப்பி, இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அப்பளமாகிவிடும். வேறு வெட்டி வைப்பார். அவள் ஒரு நோட்டில் காருக்குக் கேஸ் ஷீட் எழுதினாள்: ‘காலை 9.10. ஜுரம். தண்ணீர் ஊற்றப்பட்டது. காலை 10.30. கையுறை மாற்றப்பட்டது. நோயாளி சோர்வு.’

இன்று பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

“இன்னும் ரெண்டு கிளவுஸ் இருக்குங்க.”

“கிளவுஸ் வேலைக்காகாது. பம்ப்போட கையே ஒடிஞ்சிருச்சு. தூக்கிப் போட வேண்டியதுதான்.”

“எதை?”

“பம்ப்பைச் சொன்னேன். என்னைத் தூக்கிப் போடறதுன்னா சொல்லு, அந்த நிழல்ல போடு.”

அப்போது எதிர்த் திசையிலிருந்து புழுதி கிளம்பி, ஒரு பஸ் வந்து, திரும்பி, தகரக் கொட்டகை எதிரில் நின்றது. எல்லை வரை போய்வருகிற பஸ். நெற்றியில் சாவடியின் பெயர் எழுதியிருந்தது. ஃபிட்டர் அதைப் பார்த்தார்.

“நீ அதுல ஏறிப் போ. பொழுது இருக்கு. நான் இவளை எழுப்பிக் கூட்டிட்டு வரேன்.”

“எப்படிங்க போறது? இதைப் பாருங்க.”

பாஸ்போர்ட்டை விரித்து அவர் மூக்கிற்கு நேரே நீட்டினாள். இந்த நாட்டுக்குள் நுழைந்த அன்று குத்திய முத்திரை. அதன் கீழே சிவப்பு மையில் காரின் நம்பர். அதன் கீழே ஒரு வரி. வாகனத்துடன் மட்டுமே வெளியேறலாம்.

அந்த வரியை ஃபிட்டர் ஏற்கெனவே நாலு தடவை படித்திருந்தார். ஐந்தாம் தடவையும் அது மாறியிருக்கவில்லை.

விஷயம் இதுதான். ஃபிட்டரின் பேரில் வாங்கியது எதுவும் தங்கியதில்லை. முதல் ஸ்கூட்டர் வாங்கிய வாரமே திருடுபோனது. மனை வாங்கினார், அது வழியாக அகல ரோடு வந்தது. அதிலிருந்து வீட்டில் எது வாங்கினாலும், காஸ் அடுப்பிலிருந்து கார் வரைக்கும், சிஸ்டரம்மா பேரில்தான். “உன் ராசிக்கு வாங்கிடுவோம்” என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிடுவார். எது கிளட்ச், எது பிரேக் என்று தெரியாத ஒருத்தி கார் முதலாளி ஆனது இப்படித்தான். இந்த நாட்டு அதிகாரிகள் ஓட்டியவரைப் பார்க்கவில்லை, உரிமையாளரைப் பார்த்தார்கள். வெளிநாட்டுக் காரை உள்ளே கொண்டுவந்து விற்றுவிடக் கூடாதாம். அதனால் காரை அவள் காலில் கட்டிவிட்டார்கள்.

ஃபிட்டர் மட்டும் சுதந்திரப் பறவை. இப்போதே பஸ் ஏறி எல்லை தாண்டலாம்.

“வேணும்னா நீங்க போங்க” என்றாள் அவள்.

“நான் போய் என்ன பண்ண? அவ உன்னைத்தானே கேட்டா.”

பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. இருவரும் அது சின்னதாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பஸ் நாளைக்குத்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

காரைத் தள்ளிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பஞ்சர் கடை. சுவரில் ஆணி அடித்து ஆணிக்கு ஒரு ட்யூபாக மாட்டியிருந்தது. ஒரு தொட்டியில் கறுத்த தண்ணீர். மூலையில் காற்றடிக்கிற மெஷின், இடுப்பில் கோணிச்சாக்கு கட்டிக்கொண்டு நின்றது. கடைக்காரர் பெஞ்சில் கவிழ்ந்து படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை, ஒரு கண்ணை மட்டும் திறந்தார். மூன்று எல்லை தாண்டியதில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரு பாஷை கைவந்திருந்தது: பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடை. இழுத்துப்போகிற வண்டி உண்டா? உண்டு. எப்போது வரும்? நாளை மத்தியானம். கடைக்காரர் அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஃபிட்டர் டயர் மேல் உட்கார்ந்தார். பதின்மூன்று நாள் தாடி. முழங்கையிலிருந்து விரல் வரை கிரீஸ். ‘வயசாகிவிட்டது இவருக்கு’ என்று சிஸ்டரம்மா நினைத்தாள். இவ்வளவு நாள் கண்ணில் படாதது இந்தக் கொட்டகை வெளிச்சத்தில் பட்டது.

“பம்ப் என்னதாங்க பண்ணுது?” என்று கேட்டாள்.

“கீழே டேங்க்ல இருக்கிற பெட்ரோலை மேலே எஞ்சினுக்கு ஏத்துது.”

“பெட்ரோல் மேலேயே இருந்தா?”

ஃபிட்டர் நிமிர்ந்தார். “மேலேயே இருந்தா தானா இறங்கும். நானும் அதைத்தான் யோசிச்சேன். மேலே கேன் கட்டிடலாம். இறக்கறதுக்கு மெல்லிசா குழாய் வேணுமே. இங்க இருக்கறதெல்லாம் யானைத் துதிக்கை மாதிரி இருக்கு.”

அவள் காருக்குப் போய் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மகளுக்கு என்று கொண்டுவந்த பெட்டி. எந்த ஆஸ்பத்திரியையும் முழுசாக நம்பாதவள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சொந்தச் சாமானோடுதான் போவாள். உள்ளேயிருந்து இரண்டு டிரிப்ஸ் செட்டை எடுத்துப் போட்டாள்.

“காருக்கு டிரிப்ஸ் ஏத்தறியா?”

“ஏன், ஏத்தினா ஏறாதா?”

“ஒரு லைன் பத்தாதே.”

“மோசமான கேஸுக்கு ரெண்டு கையிலயும் லைன் போடுவோம்.”

ஃபிட்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த ஒன்றரை மணி நேரம் இருவரும் வேலை செய்தார்கள். கடைக்காரர் கொடுத்த ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனில் பெட்ரோல் இறக்கி, காரின் கூரைமேல் சாமான் கட்டுகிற கம்பியில் தலைகீழாகக் கட்டினார்கள். இரண்டு குழாயின் கூர்முனையையும் மூடியில் குத்தி இறக்கினாள். கேனின் முதுகில் ஓர் ஊசியைச் செருகிவைத்தாள்.

“அது எதுக்கு?”

“காத்துக்கு. உள்ளே காத்து போகலைன்னா டிரிப்ஸ் இறங்காது. முப்பத்திரண்டு வருஷத்துல இதுகூடத் தெரியலைன்னா எனக்குச் சம்பளம் எதுக்குக் கொடுத்தாங்க?”

குழாய்கள் முன் கண்ணாடி ஓரமாக இறங்கி, கயிறு கட்டிப் பாதி திறந்துவைத்த பானெட்டுக்குள் போய், பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரின் வாயில் முடிந்தன. அங்கே பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றி ஒட்டியதில் எஞ்சினுக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது. துளித்துளியாக விழுவது தெரிகிற இரண்டு சின்னக் குப்பிகளும், ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற உருளைகளும் அவளுடைய ஜன்னல் பக்கம், கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கின.

“ஷிஃப்ட் முடியற வரைக்கும் தாங்குமா?” என்று அவளே கேட்டாள்.

“எழுபது கிலோமீட்டர்தானே, தாங்கும். குழாய் ஊறி இளகறதுக்குள்ள போயிடணும். பெட்ரோல் தலைக்கு மேல தொங்குது, எவனாவது பீடியோட பக்கத்துல வந்தா கத்திடு.”

இரண்டு மணிக்குக் கார் உறுமியது. கடைக்காரர் இப்போது இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார்.

முப்பதுக்கு மேல் போனால் துளி பின்தங்கி எஞ்சின் இருமியது. முப்பதிலேயே போனார்கள். மாட்டுவண்டிகூட ஒதுங்கி வழிவிடாத வேகம். சிஸ்டரம்மா கையை வெளியே நீட்டி உருளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, குப்பிகளையே பார்த்தபடி வந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஃபிட்டர் கேட்பார்: “ஓடுதா?” அவள் பார்ப்பாள், “ஓடுது” என்பாள். கண் எரிந்தது. இமை தானாக மூடியது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள். “ஓடுதா?” “ஓடுது.” நைட் டியூட்டியில் மூன்று மணிக்கு வருகிற அதே களைப்பு பட்டப்பகலில் வந்து கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

நாலு ஐம்பதுக்குச் சாவடி தெரிந்தது. நீளமான தகரக் கூரை, இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்புக் கட்டை. கட்டைக்கு அப்பால் இருநூறு அடி ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில் அடுத்த நாட்டின் தடுப்புக் கட்டை.

“வந்துட்டோம்டி” என்றார் ஃபிட்டர். அவர் ‘டி’ போடுவது வருஷத்துக்கு ஒருமுறைதான்.

முன்னால் ஒன்பது வண்டிகள். எஞ்சினை அணைத்துவிட்டு, காகிதங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் கூண்டில் முதலில் காட்ட வேண்டும் என்று விசாரிக்கப் போனார்.

அப்போது போன் அடித்தது. மாப்பிள்ளை.

“அத்தை, எங்க இருக்கீங்க?”

“சாவடியிலதான் மாப்பிள்ளை. வரிசையில நிக்கறோம். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“பி.பி. ஏறிடுச்சாம் அத்தை. நூத்தி ஐம்பதுன்றாங்க. பயப்படறதுக்கில்லைன்னும் சொல்றாங்க. இவ அழுதுட்டே இருக்கா. யார் பேச்சும் கேக்க மாட்டேங்கறா. அம்மா வந்தாத்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவேன்றா.”

“போனை அவகிட்ட கொடுங்க.”

“ஊசி போட்டுத் தூங்க வெச்சிருக்காங்க.”

“என்ன ஊசி? பேர் கேட்டுச் சொல்லுங்க. கால் வீங்கியிருக்கா? தலைவலின்னு சொன்னாளா?”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபிட்டர் ஓடிவந்து ஏறினார். சாவியைத் திருப்பினார். கார் கிளம்பியது. இரண்டு வண்டி நீளம் நகர்ந்தது, விக்கியது, நின்றது. மறுபடி திருப்பினார். எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

“ஓடுதா?” என்றார்.

“ஓடுது” என்றாள் அவள், போனைக் காதில் வைத்தபடி. “மாப்பிள்ளை, சிறுநீர்ல பரிசோதனை பண்ணினாங்களா, அதைக் கேளுங்க.”

அவள் ஓடுது என்றால் ஓடுகிறது. முப்பது வருஷக் குடித்தனத்தில் ஃபிட்டர் அதைச் சரிபார்த்ததே இல்லை. அப்படியென்றால் குழாயில் கோளாறு இல்லை, கோளாறு அதற்கப்பால். நாலு நாளாகச் செத்த கையுறைத் துணுக்குதான் போய்க் கார்புரேட்டரை அடைத்திருக்க வேண்டும். பானெட்டைத் தூக்கினார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். சின்ன வண்டிகள் மட்டும் இவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயின.

சிஸ்டரம்மா போனை வைத்தபோது மணி ஐந்து பத்து. இறங்கி வந்து பார்த்தாள். கார்புரேட்டரின் மேல்மூடி கழன்று எஞ்சின் மேல் கிடந்தது. ஃபிட்டர் குனிந்து உள்ளே ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்திலிருந்து பிஸ்கட்டும் தண்ணீரும்தான் இருவர் வயிற்றிலும்.

“அடைப்பு எதுவும் இல்லையே! சுத்தமா இருக்கே!” என்று தனக்குத்தானே சொன்னார். “ஜெட்டையும் கழட்டிப் பார்த்துடறேன்.”

ஜெட் என்பது மிளகு அளவு பித்தளைத் துண்டு. நடுவில், பெட்ரோல் போக, முடி நுழைகிற ஓட்டை. ஸ்க்ரூ டிரைவர் நுனியில் அது கழன்று வந்தது, விளிம்பில் ஒரு நொடி நின்றது, துள்ளியது. கீழே சரளைக்கல்.

“ஐயோ.”

இருவரும் மண்டியிட்டார்கள். ஒவ்வொரு கல்லும் மிளகு மாதிரிதான் இருந்தது. பொறுக்கினார்கள், ஊதினார்கள், போட்டார்கள். ஐந்து இருபத்தைந்து. முட்டி வலி தாங்காமல் சிஸ்டரம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தபோது குப்பிகள் கண்ணுக்கு நேரே இருந்தன.

துளி விழவில்லை.

உருளையைப் பார்த்தாள். இரண்டும் கடைசி வரை கீழே தள்ளி மூடியிருந்தன.

யார் மூடியது? வேறு யார்? நோயாளியை ஓரிடத்தில் நிறுத்தினால், ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினால், முதலில் டிரிப்ஸை மூடு. அவளே நூறு பயிற்சி நர்ஸுகளுக்கு அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்தது. எஞ்சின் அணைந்ததும் கட்டைவிரல் தானாக மூடிவிட்டது. மூளைக்குச் சொல்லவே இல்லை. அப்புறம் அவர் ‘ஓடுதா’ என்றபோது வாய் தானாக ‘ஓடுது’ என்றது. பார்க்காமல் சொன்னாள். பார்க்காமல் சார்ட் எழுதிய நர்ஸுகளை வார்டை விட்டே அனுப்பியவள்.

கார்புரேட்டரில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. திறந்திருக்கவே வேண்டாம்.

ஃபிட்டர் இன்னும் மண்டியிட்டு மண்ணை ஊதிக்கொண்டிருந்தார். இப்போது உருளையைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டால் அவருக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. கார் கெட்டது, அவ்வளவுதான். கட்டைவிரல் உருளை மேல் போனது, அங்கேயே நின்றது.

“ஏங்க.”

“கிடைச்சுதா?”

“டிரிப்ஸ் மூடியிருந்துச்சுங்க. நான்தான் மூடியிருக்கேன். நீங்க கேட்டப்போ பார்க்காம ஓடுதுன்னு சொல்லிட்டேன்.”

ஃபிட்டர் தலையைத் தூக்கினார். குப்பிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கழற்றிப்போட்ட மூடியைப் பார்த்தார். மூக்கு நுனியில் புழுதி. அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“மாப்பிள்ளை என்ன சொன்னாரு?”

சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். எழுந்து கைகளைப் பேண்ட்டில் துடைத்தார்.

“சரி விடு. ஃபாக்டரியில லைன் நின்னா, யார் நிறுத்தினாங்கன்னு ஷிஃப்ட் முடிஞ்சுதான் விசாரிப்போம். உன்னை அப்புறம் விசாரிக்கறேன்.”

“அது இல்லாம ஓடாதாங்க?”

“உன் ஊசியை வெட்டிப் புதுசா ஒண்ணு செய்யலாம். ரெண்டு மணி நேரம் ஆகும். உன்கிட்ட எவ்வளவு இருக்கு?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “முப்பது நிமிஷம்.”

“அப்போ அந்தக் கதையை விடு. வா, போய்க் கேட்போம்.”

கூண்டுக்குள் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் மேஜையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் நாள் முழுக்க முத்திரை குத்திய களைப்பு. பாஸ்போர்ட்டைப் பார்த்தார், சிவப்பு மையைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

“வண்டி ஓடாதா?”

“ஓடாது” என்றார் ஃபிட்டர்.

“வண்டி இல்லாமல் இந்த அம்மாவை விட முடியாது.”

“வண்டி வெளியே போகணும்னு போட்டிருக்கு. ஓடிப் போகணும்னு எங்கேயாவது போட்டிருக்கா?”

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டு நாலு பக்கம் புரட்டினார். சிஸ்டரம்மாவுக்குச் சுவர்க் கடிகாரத்தின் முள் தன் முதுகில் நகர்கிற மாதிரி இருந்தது.

“போடவில்லை” என்றார் கடைசியில். “ஆனால் யார் பேரில் வண்டியோ அவர் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். அது போட்டிருக்கிறது. அந்தப் பெட்ரோல் கேனை இறக்கிவிட்டுத் தள்ளுங்கள். ஆறு அடித்தால் கட்டையை இறக்கிவிடுவேன்.”

கேனை இறக்கி, குழாய்களைப் பிய்த்துப் போட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக சிஸ்டரம்மா தன் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். சீட் அவர் உடம்புக்குப் பள்ளமாகியிருந்தது, கால் எட்டவில்லை.

“நான் என்னங்க பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணாதே, நேரா பிடி. ஸ்ட்ரெச்சர் மாதிரி நினைச்சுக்கோ.”

“ஸ்ட்ரெச்சரை நான் தள்ளியிருக்கேன். மேல உக்காந்ததில்லை.”

“இன்னைக்கு உக்காரு. நடுவுல இருக்கறது பிரேக். மிதிச்சேன்னு வெச்சுக்கோ, அங்கேயே டைவர்ஸ்.”

சமதரையில் கார் அசைந்தது. தடுப்புக் கட்டை மேலே போயிற்று. ஏற்றம் ஆரம்பித்ததும் நின்றது. பின்னால் ஃபிட்டர் மூச்சுவாங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. ஐம்பத்தொன்பது வயது, முதுகில் தட்டு விலகியது ஒருமுறை. கண்ணாடியில் அவருடைய வழுக்கை மட்டும் தெரிந்தது, டிக்கியோடு ஒட்டி. கார் ஒரு சாண் பின்னால் சரிந்தது.

“ஏங்க, விட்டுடுங்க! நசுங்கிடுவீங்க!”

“நேரா பிடின்னேன்!”

ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்த லாரிக்காரர் கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கி வந்தார். அவருக்கும் ஆறு மணிக்குள் போக வேண்டும். இந்தச் சனியன் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் பாஷையில் என்னென்னவோ திட்டினார், புரியாததும் நல்லதுதான். திட்டிக்கொண்டே ஃபிட்டருக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். அவருடைய கிளீனரும் வந்தான். கார் ஏற ஆரம்பித்தது. ஓர் அடி, இன்னோர் அடி. ஸ்டீயரிங்கை அவள் நேராகவே பிடித்திருந்தாள். முன்சக்கரங்கள் உச்சிக்கோட்டைத் தாண்டியதும், கூடவே நடந்துவந்த கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகவே பாஸ்போர்ட்டை வாங்கி, பானெட் மேல் வைத்து முத்திரை குத்தினார். ஐந்து ஐம்பத்தாறு.

அந்தப் பக்கத்து அதிகாரி, மீசை முளைத்தும் முளைக்காத வயசு, காரை ஒருமுறை சுற்றிவந்தார். கிரேப் பேண்டேஜ், பால்பவுடர் டின், கயிறு, பிளாஸ்டர் எல்லாவற்றையும் பார்த்தார்.

“ஆட்கள் வரலாம். இது வர முடியாது. அந்த முற்றத்தில் நிறுத்துங்கள். காலையில் குமாஸ்தா வந்து ரசீது எழுதும் வரை யாராவது ஒருவர் வண்டியோடு இருக்க வேண்டும்.”

“யார் பேரில் வண்டியோ அவரா?” என்று ஃபிட்டர் அவசரமாகக் கேட்டார்.

“யாரானாலும்.”

ஃபிட்டர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிக்கியைத் திறந்து அவளுடைய பையையும் மருந்துப் பெட்டியையும் எடுத்து வெளியே வைத்தார். நகரத்துக்குப் போகிற வேன் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் அதில் ஏற்றினார். இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி நடந்தார்.

“முதுகுக்கு அந்தத் தைலம் சைடு பாக்கெட்ல இருக்கு. படுக்கும்போது தடவிக்கங்க. பிஸ்கட் மட்டும் தின்னுட்டுப் படுத்துடாதீங்க.”

“சரி.”

“நான் இல்லைன்னு அதைக் கழட்டறேன், இதைக் கழட்டறேன்னு ராத்திரியெல்லாம் முழிக்காதீங்க.”

“சரி, ஏறு.”

“கோவமாங்க?”

“கோவப்படத் தெம்பு எங்க இருக்கு? ஏறும்மா, அவ காத்திட்டிருக்கா.”

வேன் கிளம்பியது. கார் முற்றத்தின் மூலையில் பானெட்டைத் திறந்தபடி நின்றது. அவர் அதன் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வளைவு திரும்பியதும் இரண்டும் மறைந்தன.

அரைமணி கழித்துப் போன் வந்தது. இந்தத் தடவை மகளே பேசினாள். தூக்கமும் அழுகையும் அப்பிய குரல்.

“எங்கம்மா இருக்க?”

“தாண்டிட்டேன்டா. வேன்ல வந்துட்டிருக்கேன். ஒன்பதரைக்குள்ள அங்க இருப்பேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நிஜமாவா?”

“நிஜமா. இப்போ பி.பி. எவ்வளவுன்றாங்க?”

“தெரியலை. அப்பா எங்க?”

“காரோட இருக்காரு. காலையில வருவாரு.”

“கார் மறுபடியும் கெட்டுப்போச்சா?”

“கார் கெடலை. நான் கெடுத்தேன்.” சிஸ்டரம்மா தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டாள். “காருக்கு டிரிப்ஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்தோம். சாவடியில நிறுத்தினதும், பேஷண்டை மாத்தப்போறோம்னு நினைச்சு, நானே மூடிட்டேன்.”

“எதை மூடின?”

“டிரிப்ஸைத்தான். உங்கப்பா ஓடுதான்னு கேக்கறாரு, நான் ஓடுதுன்றேன். அவர் நம்பி எஞ்சினைப் பூரா கழட்டிப் போட்டுட்டாரு.”

முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் மகள் சிரித்தாள். மூச்சுவாங்க, இருமிக்கொண்டு, அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை என்ன என்ன என்று பதறுவது கேட்டது. அந்தச் சிரிப்பை சிஸ்டரம்மா கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“போதும்மா, சொல்லாதே, வயித்தைப் பிடிக்குது.”

“சிரி, சிரி. நாளைக்கு இந்நேரம் தையல் இழுக்கும், சிரிக்க முடியாது. இப்பவே சிரிச்சுக்கோ” என்றாள் சிஸ்டரம்மா, கண்ணை மூடிக்கொண்டு.